அண்ணன் இறுக்கிய போல்ட்டு

முத்தியால்பேட்டை
4-5-1958

அன்புள்ள சொர்ணத்துக்கு,

உன்னைத் தவளக்குப்பத்தில் உன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை. மை வாங்கி வந்தபிறகு எழுத ஒன்றும் தோன்றவில்லை. இந்த வீட்டில் புதிதாக நடந்திருப்பது நீ இல்லை என்பது ஒன்றுதான். அதை எழுதினால் நீ அத்தைக்குப் படித்துக் காட்டுவாய், அவர்கள் தலையணையில் முகத்தை வைத்துச் சிரிப்பார்கள். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

கால் வீக்கம் எப்படி இருக்கிறது? டாக்டரம்மா சொன்ன மருந்தை வேளைக்குச் சாப்பிடு. உப்பைக் குறைத்துக்கொள். அத்தை கருவாட்டுக் குழம்பை எடுத்து வந்தால், வாசனை பிடித்துக்கொண்டு தட்டைத் தள்ளி வை. உன்னால் முடியாது என்று தெரியும். இருந்தாலும் புருஷன் என்று இருப்பவன் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நான் சமைத்துக்கொள்கிறேன். நேற்று ரசம் வைத்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதற்கில்லை.

ஒரு விஷயம். கிருஷ்ணாயில் பாட்டிலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்? கிழிந்த வேட்டி ஏதாவது இருந்தால் எந்தப் பெட்டியில்? பெரிய சுத்தி ஒன்று நம் வீட்டில் இருந்தது, அதை யாருக்காவது இரவல் கொடுத்தாயா? வீட்டைக் கொஞ்சம் சுத்தம் செய்யலாம் என்று பார்க்கிறேன், வேறு ஒன்றுமில்லை.

உன்
வைத்திலிங்கம்


தவளக்குப்பம்
8-5-1958

அத்தானுக்கு,

‘அன்புள்ள’ என்று போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

கிருஷ்ணாயிலும் சுத்தியும் வைத்துக்கொண்டு எந்த ஊரில் வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள்? உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே, முத்தியால்பேட்டையில் நம் பக்கத்து வீட்டு ஆயம்மா என்னைப் பார்க்க இங்கே வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, “உன் வூட்டுக்காரு உன் அண்ணன் வண்டியப் போட்டு டொங்கு டொங்குன்னு அடிக்கிறாரும்மா. தெருவே எழுந்து உக்காந்துடுச்சி. நீ சொல்லிட்டா வந்தே?” என்றாள். எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும், ஆயம்மாவுக்கும் தெரியும்.

அந்த மோட்டார் சைக்கிள் நம் கொல்லையில் சும்மா நிற்கிறது என்று நினைத்தீர்களா? அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோன் சண்டைக்குக் கப்பலேறியபோது நம்மிடம் விட்டுப் போனது. ஆறு வருஷமாக நான் அதற்குச் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறேன். அவன் இல்லை என்று பிரெஞ்சில் வந்த காகிதத்தை நீங்கள்தான் எனக்குப் படித்துச் சொன்னீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைத்துப் பூ வைக்கிறேன். கொள்ளி வைக்க எங்களுக்கு உடம்பு கூட வரவில்லை. தர்ப்பையில் பொம்மை செய்து அதைக் கொளுத்தினோம். அதுவா என் அண்ணன்?

கப்பலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் பின்சக்கரத்து வலப்பக்க போல்ட்டை இறுக்கினான். ஸ்பானரின் மேல் ஏறி நின்று குதித்துக் குதித்து இறுக்கினான். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். “சொர்ணம், நான் திரும்பி வர்ற வரைக்கும் இது அசையாது பாரு” என்றான். அவன் கை வைத்தது வைத்தபடியே இருப்பது இந்த உலகத்தில் அந்த ஒரு போல்ட்டுதான். மற்றதெல்லாம் போய்விட்டது. அதைக் கழற்றச் சொல்லி உங்களிடம் யார் கேட்டார்கள்?

சுத்தியைக் கீழே போடுங்கள். அதைக் கழற்றினால் நான் பிறக்கப்போகிற பிள்ளையோடு இங்கேயே இருந்துவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சொர்ணம்


முத்தியால்பேட்டை
13-5-1958

கோபக்கார சொர்ணத்துக்கு,

சுத்தியைக் கீழே போட்டுவிட்டேன். போட்டது என் கால் மேலேயே விழுந்தது. நீ சந்தோஷப்படுவாய் என்பதற்காகச் சொல்கிறேன்.

பொய் சொன்னது உண்மை. நீ கிளம்பிய மறுநாளே சாக்கை எடுத்தேன். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்டயர் உளுத்துப்போய்விட்டது, விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உதிர்கிறது. டயரை மாற்ற வேண்டுமானால் சக்கரத்தை இறக்க வேண்டும். இறக்க இரண்டு பக்கத்து போல்ட்டையும் கழற்ற வேண்டும். இடப்பக்கம் கிருஷ்ணாயில் காட்டியதும் சொன்னபடி கேட்டது. வலப்பக்கம் உன் அண்ணன் இறுக்கியது. கடல்காற்று ஆறு வருஷமாக அதற்கு உப்பு ஊட்டி வளர்த்திருக்கிறது. ஸ்பானர் வழுக்கி என் கை முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். போல்ட்டின் மூலைகளும் கொஞ்சம் மழுங்கிவிட்டன. பட்டறைக்காரர் சக்கரபாணி வந்து பார்த்துவிட்டு, “உளிய வச்சி ஒரே போடு, தலை தனியா முண்டம் தனியா வந்துடும் சார்” என்றார். அவரை அப்படியே வாசலோடு அனுப்பிவிட்டேன். எனக்கும் அவன் மச்சான்தான், சொர்ணம். உனக்கு அவன் அண்ணன் என்பது ஊரறிந்த விஷயம், எனக்கு அவன் சிநேகிதன் ஆனது நம் கல்யாணத்துக்கும் முன்னால்.

சாக்கை எடுத்ததும் முதலில் வந்தது பெட்ரோல் வாசனை இல்லை, வீராம்பட்டினம் தேர்த்திருவிழாதான். நமக்குக் கல்யாணமான வருஷத்து ஆடி. அவன் ஓட்டினான், நீ நடுவில், நான் பின்னால் பாதி வண்டியிலும் பாதி காற்றிலும். அத்தை வாசலில் நின்று, “மானம் போவுது, எறங்குடி” என்று கத்தினார்கள். ஊருக்குள் நுழைந்ததும் மணலில் சக்கரம் புதைந்துகொண்டது. தேரை இழுக்க வந்த கூட்டத்தில் நாலு பேர் நம்மையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். அப்போது நீ சிரித்தாயே, பட்டுப்புடவை முழுக்க மணலோடு, மூச்சு வாங்க வாங்க. அந்தச் சிரிப்பை அந்தக் காகிதம் வந்தபிறகு நான் கேட்கவே இல்லை.

இப்போது ஏன் வண்டியைத் தொட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் உனக்கு வலி எடுத்துவிட்டது என்று தவளக்குப்பத்திலிருந்து ஆள் வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. மழை. தெருவில் ஒரு சைக்கிள் கிடைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். நம் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கேட்டால், பார்க்காமல் இருப்பதே நல்லது என்றார்கள். ஓட ஒரு வண்டி நம் கொல்லையிலேயே சாக்குக்குள் நின்றுகொண்டிருந்தது, நான் நடந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தடவை நான் நடக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சொர்ணம். ஆபீசில் லீவு கேட்டேன், கப்பல் சரக்கு வரும் மாசம் என்று கையை விரித்துவிட்டார்கள். இனி நீ என்ன சொல்கிறாயோ அப்படி.

வைத்திலிங்கம்


தவளக்குப்பம்
19-5-1958

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தத் தடவை போட்டுவிட்டேன்.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மணலில் புதைந்த இடம் வந்ததும் சிரித்தாள். அதற்குமேல் நான் சத்தமாகப் படிக்கவில்லை. “என்னா, நிறுத்திட்டே?” என்றாள். எழுத்து புரியவில்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் எழுத்துக்கு அது நம்பும்படியான பொய்தான்.

அந்த மழை ராத்திரி நான் தூங்கவில்லை. நீங்கள் வந்தது, செருப்பில்லாமல் சேற்றுக்காலோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டது, அம்மா துண்டு கொடுத்தபோது வாங்காமல் இருந்தது, எல்லாம் எனக்குக் கேட்டது. எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் உட்காரத்தான் இருந்தது. உடம்பும் வரவில்லை, வாயும் வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேருமே அதைப் பேசவில்லை. நீங்கள் பார்க்கவில்லை என்பதால் எழுதுகிறேன். பெண்பிள்ளை. உங்கள் நெற்றி.

பயமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கும் பயம்தான். எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கழற்றுங்கள். ஆனால் சக்கரபாணி உளியோடு வந்தால் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆக்சா பிளேடும் கூடாது. அது முழுசாக வெளியே வரவேண்டும். பூஜை மாடத்தில் வைத்துக்கொள்வேன். சம்மதமா?

அத்தோடு, பலம் பலம் என்று நீங்கள் முட்டி மோதுவதை நிறுத்துங்கள். நம் வீட்டுக் கூஜா மூடி இறுகிக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். மூடியைச் சுற்றி வெந்நீர் விடுவேன். சுற்றிலும் கரண்டிக்காம்பால் மெதுவாகத் தட்டுவேன். பிறகு திறக்கிற பக்கம் திருப்பாமல் முதலில் மூடுகிற பக்கம் ஒரு நூல் அளவு இறுக்குவேன். அதில் பிடி விட்டுவிடும். அதற்கப்புறம் திறந்தால் தானாக வரும். அதற்கும் இதற்கும் ஒரே புத்திதான். கிருஷ்ணாயிலில் துணியை நனைத்து அதன்மேல் சுற்றி ஊறப்போட்டுவிட்டு ஆபீஸ் போங்கள். அவசரப்பட்டுத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

நம் தெரு ரொட்டிக்கடையில் அந்த நீட்டு ரொட்டி சுடச்சுட வாங்கி, பஸ் கண்டக்டர் அம்மாவாசையிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பதெல்லாம் ரொட்டி இல்லை. உங்கள் பிள்ளை உள்ளே இருந்துகொண்டு அதைத்தான் கேட்டு உதைக்கிறது.

உங்கள்
சொர்ணம்


முத்தியால்பேட்டை
1-6-1958

அன்புள்ள சொர்ணத்துக்கு,

ரொட்டி வந்து சேர்ந்ததா? அம்மாவாசை முனையைக் கிள்ளித் தின்றிருப்பான். கேட்டால் எலி என்பான்.

நெற்றியைப் பற்றி நீ எழுதியதை நேரில் பேசுவோம். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

போல்ட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். மறைத்தால் ஆயம்மா வந்து சொல்லிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். துணி சுற்றி ஊறப்போட்டேன். வெந்நீர் விட்டேன். சுற்றிலும் தட்டினேன். முதலில் இறுக்குகிற பக்கம் தள்ளினேன். உன் கூஜாவுக்குக் கோடி கும்பிடு, ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வந்து அசைந்தது! தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். பிறகு திறக்கிற பக்கம் திருப்பினேன். நெல்மணி அளவு வந்தது, நின்றுவிட்டது. மறுபடி இறுக்கினேன், மறுபடி திருப்பினேன். அதே இடத்தில் நிற்கிறது. துரு என்றால் கொஞ்சம் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும். இது வேறு ஏதோ என்று தோன்றியது.

தேங்காய் நாரால் அதன் தலையைப் பளபளவென்று தேய்த்தேன். துருவுக்கு அடியில் எழுத்துகள். இடப்பக்கத்து போல்ட்டில் அப்படி எதுவும் கிடையாது. கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தேன். இங்கிலாந்து என்று பொறித்திருந்தது.

சொர்ணம், வண்டி பிரெஞ்சு வண்டி. அதன் துளையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இங்கிலீஷ் போல்ட்டு அங்குலக் கணக்கு. என் ஸ்பானர் வழுக்கி வழுக்கி மூலை மழுங்கியது அதனால்தான். சக்கரபாணியின் அங்குல ஸ்பானரை வாங்கி வைத்துப் பார்த்தேன், கைக்கு வளையல் மாதிரி உட்கார்ந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டியதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “பிரெஞ்சு மரையில இங்கிலீஷ் போல்ட்ட வச்சி மெரட்டி ஏத்தியிருக்காங்க சார். ரெண்டு மரையும் ஒண்ணையொண்ணு கடிச்சிக்கிட்டு கெடக்குது. பிரம்மாவே வந்தாலும் பிரியாது. யாரு சார் அந்த மகராசன்?” என்றார்.

உடனே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது, பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், நான் கடலூர் ரோட்டு எல்லைச் சுங்கச் சாவடியில் காக்கிச் சட்டையோடு நின்றேன் அல்லவா? கப்பலுக்கு முந்தின நாள் மத்தியானம் கடலூர் பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான். சட்டைப்பை உப்பியிருந்தது. “இன்னா மச்சான் கடத்துறே?” என்று விளையாட்டுக்குச் சோதனை போட்டேன். ஒரே ஒரு போல்ட்டு. “வழியில ஒண்ணு கழண்டு உழுந்துடுச்சிடா. பிரெஞ்சு தேசத்துல மர்சேய்ல இருந்து கப்பல்ல வர்றதுக்குள்ள நான் கெழவனாயிடுவேன். இது கிட்டத்தட்ட அதே சைசுதான்” என்றான். இதற்கு வரி எவ்வளவு என்று சாவடியில் எல்லோரும் சிரித்தோம். அந்தப் போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, இரண்டு தேசத்து எல்லையையும் தாண்டி உள்ளே விட்டவன் நான்தான்.

கிட்டத்தட்ட அதே சைசு. அதனால்தான் ஸ்பானர் மேல் ஏறிக் குதித்திருக்கிறான்.

அவனைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. உன் மனசு நோகும் என்றுதான் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதினேன். அது முழுசாக வராது. வெட்டினால்தான் சக்கரம் இறங்கும். நீ சொல்லாமல் பிளேடை வைக்க மாட்டேன். வேண்டாம் என்றால் சாக்கைத் திரும்பப் போர்த்திவிடுகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வைத்திலிங்கம்


தவளக்குப்பம்
6-6-1958

அன்புள்ள அத்தானுக்கு,

‘கிட்டத்தட்ட அதே சைசு’ என்ற இடத்தில் சிரித்தேன் பாருங்கள், கடிதம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் அம்மா வலி எடுத்துவிட்டது என்று நினைத்து மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினாள். பாதித் தெரு போனவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் சிரிப்பு. “பாவி, அந்த கடியாரத்த மறந்துட்டியா?” என்றாள்.

நான் மறந்துதான் போயிருந்தேன். அப்பாவின் சுவர்க்கடிகாரத்தைச் சரி செய்கிறேன் என்று பிரித்து மாட்டிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு சக்கரங்களை, “இது சும்மா அழகுக்கு வச்சிருந்தாங்க” என்று ஜோபியில் போட்டுக்கொண்டவன். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டவன். என் செருப்புக்கு ஆணி அடித்துக் கொடுத்து என்னை நொண்ட வைத்தவன். அவன் கை வைத்தது எதுவும் உருப்பட்டதே இல்லை, அத்தான். கை வைக்காமல் இருக்கவும் அவனால் முடியாது. அம்மாவும் நானும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தோம். இந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்லிச் சிரித்து எத்தனை காலமாயிற்று.

அன்று சாயங்காலம் அவன் முகம் இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. போல்ட்டு பாதியில் மாட்டிக்கொண்டது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நான் காபியோடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தங்கச்சி முன்னால் அசடு வழிய முடியுமா? “நான் வர்ற வரைக்கும் அசையாது” என்று ஒரு போடு போட்டான். அதை நான் சத்தியவாக்கு என்று நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அது சமாளிப்பு, அத்தான்! சுத்தமான சமாளிப்பு! அந்த முழியை நான் அன்றைக்கே பார்த்தேன். காகிதம் வந்தபிறகு எல்லாவற்றையும் வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. நிற்கவே இல்லை. அம்மா மடியில் படுத்து அழுதேன், அவளும் தடுக்கவில்லை. இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் பூ வைத்தேனே, அது யாருக்கோ வைத்திருக்கிறேன். தப்பே செய்யாத, ஒரு வாக்கு தவறாத யாரோ ஒருவனுக்கு. அப்படி ஒரு அண்ணன் எனக்கு இருந்ததே இல்லை. எனக்கு இருந்தவன் அவசரக்குடுக்கை, வாய்ச்சவடால் பேர்வழி, எனக்காக எதையாவது சரி செய்து கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கெடுத்தவன். அவனைத்தான் நான் தொலைத்தேன். அவனுக்காக இன்றைக்குத்தான் அழுதேன்.

வெட்டிவிடுங்கள். தயங்க வேண்டாம், சக்கரபாணியையே கூப்பிடுங்கள். துண்டு எதையும் எனக்கு எடுத்து வைக்க வேண்டாம், பூஜை மாடத்தில் இடமும் இல்லை. புதுப் போல்ட்டு சரியான அளவில் போடுங்கள். கிட்டத்தட்ட வேண்டாம்.

மருத்துவச்சி ஆனிக் கடைசி என்கிறாள். கொஞ்சம் முன்னாலும் ஆகலாம் என்கிறாள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே ஓட்டிப் பாருங்கள், வழி பழகட்டும். அதன் சத்தம் இந்தத் தெருவில் கேட்டு ஆறு வருஷமாகிறது. கேட்டதும் அம்மாவும் நானும் வாசலில் நின்று அழுவோம். அதைப் பார்த்துப் பயந்து நடுத்தெருவில் நிறுத்திவிடாதீர்கள். வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
சொர்ணம்